தொண்ணூறுக்கும் தொண்ணூற்று நான்குக்கும் நடுவே

எங்கள் நண்பர் ஒருவருக்கு இரண்டு பேரக்குழந்தைகள். மூத்த மகளின் பெண் கும்பகோணத்தில். இளைய மகளின் பையன் டொரான்டோவில். 2018ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில் முதல் குழந்தைக்கும், மூன்று மாதம் கழித்துத் தை மாதத்து உறைபனியில் இரண்டாவது குழந்தைக்கும் ஒரே நோய் வந்தது. இரண்டுமே ஒரு வயது நிரம்பாதவை. இரண்டுக்கும் முதலில் மூக்கொழுகல், பிறகு இருமல், மூன்றாம் நாள் மூச்சிரைப்பு. விலாவுக்குக் கீழே வயிறு குழிவிழுந்து குழிவிழுந்து எழும்பியது. பால் குடிக்கத் தொடங்கினால் இரண்டு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. இரு ஊர் மருத்துவர்களும் சொன்ன பெயர் ஒன்றே: பிராங்கியோலைட்டிஸ்.

கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து நாட்கள் வைத்திருந்தார்கள். விரலில் மாட்டிய கருவி 95 காட்டியபோதும் முகமூடி வைத்து மூன்று நாட்கள் ஆக்சிஜன் கொடுத்தார்கள். நான்கு மணிக்கொரு முறை நெபுலைசர். பிஞ்சுக் கையில் ஊசி குத்தி ஆன்டிபயாடிக். இரண்டு எக்ஸ்ரே. முகமூடியைக் கண்டாலே குழந்தை வீறிட்டு அழுதது. அழுதால் இரைப்பு கூடியது. இரைப்பு கூடியதால் முகமூடியை இன்னும் அழுத்திப் பிடித்தார்கள். ஆறாம் நாள் வீடு திரும்பினாள். எல்லோருக்கும் நிம்மதி. மருத்துவருக்குப் பழமும் இனிப்பும் கொண்டுபோய்க் கொடுத்து வணங்கிவிட்டு வந்தார்கள்.

டொரான்டோவில் நடந்தது வேறு. அவசரப் பிரிவில் செவிலி ஒருவர் பையனின் மூக்கில் உப்புநீர்த் துளிகளை விட்டுச் சளியை உறிஞ்சியெடுத்தார். மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒரு நிமிடம் முழுக்க ஒன்றும் பேசாமல் அவன் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கருவி விழித்திருக்கையில் 93, உறங்குகையில் 91 காட்டியது. நான்கு மணி நேரம் அங்கேயே இருத்தி, பால் இறங்குகிறதா, சிறுநீர் போகிறதா என்று கவனித்துவிட்டு, எந்தெந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும் என்று அச்சிட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருந்தில்லை; ஆக்சிஜன் இல்லை. அன்றிரவு தொலைபேசியில் மகள் அழுதாள். நண்பரின் துணைவியார் அதன்பின் எங்களிடம் சொன்ன வாக்கியம் இன்றும் மறக்கவில்லை: "இங்க புள்ளைய கவனிச்சாங்க. அங்க புள்ளைய பாத்தாங்க, அவ்வளவுதான்."

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். கதையும் கவிதையும் படித்துவிட்டு மாலை வேளையில் வாதிடும் கூட்டம். ஆனால் இந்த இரண்டு வினைச்சொற்களும் எங்களை விடவில்லை. மருத்துவ நண்பர்களை நச்சரித்து, அவர்கள் தந்த கட்டுரைகளைத் தட்டுத்தடுமாறிப் படித்தோம். அம்மையாரின் தீர்ப்பில் அந்த இரண்டு வினைகளும் இடம் மாறி விழுந்திருக்கின்றன என்பது எங்கள் முடிவு. எனினும் அதை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டுப் போவதற்கும் இல்லை.

நோயை முதலில் பார்ப்போம். மூச்சுக்குழல் நுரையீரலுக்குள் கிளைத்துக் கிளைத்துச் சென்று, மயிரிழை போன்ற நுண்குழல்களில் முடிகிறது. அந்த நுண்குழல்களின் உட்சுவர் வீங்கி, உதிர்ந்த செல்களும் சளியும் அடைத்துக்கொள்வதே இந்நோய். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் காரணம். 1956இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் சளிபிடித்த சிம்பன்சிகளிடம் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இது. அடுத்த ஆண்டே குழந்தைகளிடமும் கண்டார்கள். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடுகிற வைரஸ். பெரியவர்களுக்கு அது வெறும் ஜலதோஷம். சிசுவுக்கு ஏன் அப்படியில்லை என்றால், காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால் அதன் வழியே சீராகக் காற்றுச் செல்வதற்குள்ள தடை இரண்டு மடங்கு கூடுவதில்லை, பதினாறு மடங்கு கூடுகிறது. நமக்குப் பொருட்டில்லாத ஒரு வீக்கம் அந்தச் சின்னக் குழலைக் கிட்டத்தட்ட மூடிவிடுகிறது. சில அறைகளுக்குக் காற்றுப் போகிறது, சிலவற்றுக்குப் போவதில்லை. ஆனால் இரத்தம் எல்லா அறைகளுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. காற்றில்லாத அறையைச் சுற்றிவந்த இரத்தம் பிராணவாயு ஏறாமலே திரும்புகிறது. அப்போது கருவியின் எண் இறங்குகிறது.

இந்நோயின் போக்கில் ஒரு பிடிவாதம் உண்டு. மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையே உச்சம் தொட்டு, பிறகு தானே தணியும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுத்துக்கொண்டு கிடக்கும். நெபுலைசரில் தரும் சால்பியூட்டமால், ஸ்டீராய்டு, வைரஸின் முன் எவ்வேலையும் செய்யாத ஆன்டிபயாடிக் ஆகியவற்றை வழக்கமாகத் தரவேண்டியதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இலும், பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இலும் வெளிப்படையாகவே எழுதிவைத்துவிட்டன. எஞ்சியவை இரண்டே: பாலோ நீரோ உள்ளே போகச் செய்வது, தேவையானபோது ஆக்சிஜன் கொடுப்பது. இவையும் நோயைக் குணப்படுத்துபவை அல்ல. குழந்தை தானே கரையேறும்வரை தாங்கிப்பிடிப்பவை. தேவையானபோது என்று எழுதினோம். சண்டை முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

தமிழ் வீடுகளில் 'ஆக்சிஜன் வச்சிருக்காங்க' என்ற சொற்றொடர் எப்படி ஒலிக்கும் என்று வாசகர்களுக்குத் தெரியும். அது ஒரு சிகிச்சையின் பெயராக நம் காதில் விழுவதில்லை. ஊரிலிருந்து கிளம்பி வா என்பதன் இடக்கரடக்கலாக விழுகிறது. 2021 சித்திரை, வைகாசியில் சிலிண்டருக்காக வரிசையில் நின்றவர்களுக்கு அச்சொல் இன்னும் கனத்துப்போயிற்று. பிராணவாயு என்று முன்னோர் மொழிபெயர்த்தபோதே உயிரை அதில் கட்டிவைத்துவிட்டார்கள். பிறகு வந்த தனித்தமிழ் அன்பர்களும் உயிர்வளி என்றுதான் சொன்னார்கள். உயிரே அதில் இருக்கிறதென்றால் கூடுதலாகக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1774இல் இந்த வாயுவைத் தனித்தெடுத்த ஜோசப் பிரீஸ்ட்லி, அதில் மெழுகுவத்தி வேகமாக எரிந்து தீர்வதைப் பார்த்துவிட்டு, நலமாயிருப்பவரின் உயிரும் இதில் அப்படித் தீர்ந்துபோகுமோ என்று ஐயுற்றார். ஐயம் வீண்போகவில்லை. 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் குறைமாதக் குழந்தைகளுக்குக் கணக்கின்றி ஆக்சிஜன் கொடுத்ததில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். ஆக்சிஜனுக்கும் அதற்கும் தொடர்பிருக்கலாம் என்று 1951இல் முதலில் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் மெல்பர்ன் நகர மருத்துவர் கேட் கேம்ப்பெல். நிறைமாதமாய்ப் பிறந்த ஐந்து மாதக் குழந்தைக்கு அந்த ஆபத்து இல்லைதான். ஆயினும் பிராணவாயு ஒரு மருந்து, அதற்கு அளவும் தொடக்கமும் நிறுத்தமும் உண்டு என்பதை மருத்துவம் கற்றுக்கொண்ட விலை அது.

அளப்பதற்குத்தான் அந்த விரல் கருவி. ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பணியாற்றிய தக்குவோ அவோயாகி 1974இல் உருவாக்கிய கொள்கை அதற்கு அடிப்படை. சிவப்பொளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஒன்று. இரண்டையும் விரல் வழியே செலுத்தி, நாடித் துடிப்புக்கேற்ப எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, இரத்தத்தில் எத்தனை விழுக்காடு பிராணவாயு ஏறியிருக்கிறதென்று சொல்லிவிடுகிறது. குத்தலில்லை, இரத்தம் எடுக்கவேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்துக்குக் கிடைத்த பெரும் கொடைகளில் ஒன்று இது என்பதில் ஐயமில்லை. அவோயாகி 2020 ஏப்ரலில், உலகமே அவருடைய கருவியைத் தேடி அலைந்த மாதத்தில் மறைந்தார்.

ஆனால் ஓர் எண் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டால் மனிதர்கள் அதைத் துரத்தத் தொடங்கிவிடுகிறார்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் 1980க்கும் 1996க்கும் இடையே பிராங்கியோலைட்டிஸுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிசுக்களின் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. அதே காலத்தில் அந்நோயால் நேர்ந்த சாவுகளில் அப்படி மாற்றமேதும் இல்லை. இந்தக் கருவி பரவிய காலமும் அதுவே. அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டோம். ஆனால் சந்தேகம் அதன்மேல் விழுந்தது.

எந்த எண்ணில் ஆக்சிஜன் தொடங்கவேண்டும்? 94 என்றார்கள் சிலர், 92 என்றார்கள் சிலர். 90 வரை பொறுக்கலாம் என்றார்கள் அமெரிக்கர்கள். 90 என்பது வாய்க்கு வந்த முழு எண் அன்று. இரத்தச் சிவப்பணு பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் விதத்தை வரைபடமாக வரைந்தால், மேலே சமவெளிபோல் நீண்டு போய், 90ஐ ஒட்டி மலைச்சரிவு தொடங்குகிறது. சமவெளியில் நடப்பவனுக்கு இரண்டடி பின்வாங்கினால் ஒன்றுமில்லை. சரிவின் விளிம்பில் இரண்டடி என்பது வேறு. பொலிவியாவில் கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் உயரத்திலுள்ள எல் ஆல்ட்டோ நகரில் ஓடியாடும் நலமான குழந்தைகளின் சராசரியே 90க்குக் கீழேதான்.

இந்த விவாதத்தைத் தீர்க்க நடந்த ஆய்வுகள்தாம், கதை படிப்பவர்களான எங்களை வியக்கவைத்தன. ஸ்டீவ் கன்னிங்ஹாம் தலைமையில் பிரிட்டனின் எட்டு மருத்துவமனைகளில் 615 சிசுக்களிடம் நடந்த ஆய்வு 2015இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. பாதிக் குழந்தைகளுக்கு இயல்பான கருவி. மறுபாதிக்குப் பொய் சொல்லும் கருவி! உண்மை அளவு 90 ஆக இருக்கும்போது 94 என்று காட்டும்படி அது திருத்தப்பட்டிருந்தது. யாருக்கு எந்தக் கருவி என்பது செவிலிக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. இப்படி நடக்கும் என்று அறிந்தே பெற்றோர் ஒப்பியிருந்தார்கள். திரையில் 94க்குக் கீழே போனால் ஆக்சிஜன் என்பது இரு சாராருக்கும் ஒரே விதி. அதாவது ஒரு பாதி உண்மையில் 94ஐக் காத்தது. மறுபாதி தன்னையறியாமல் 90ஐக் காத்தது. முடிவு? இரு சாராரிலும் இருமல் ஓய எடுத்த காலம் ஒன்றே: நடு அளவில் 15 நாட்கள். பொய்க் கருவிக் குழந்தைகள் சில மணி நேரம் முன்னதாகவே நன்றாகப் பால் குடிக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 14 மணி நேரம் முன்னதாக வீடு திரும்பும் நிலையை அடைந்தார்கள். தீங்கு கூடவில்லை. உண்மையைக் காண்பதற்காகக் கருவிக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்த இந்த ஏற்பாட்டைப் போன்ற முடிச்சு எங்கள் சிறுகதைகளில் எதிலும் இல்லை என்று ஒரு நண்பர் சற்றுப் பொறாமையோடு சொன்னார்.

அதற்கு முந்தைய ஆண்டு டொரான்டோவில் இதே போன்ற ஒன்று. அவசரப் பிரிவுக்கு வந்த 213 குழந்தைகளில் ஒரு சாராருக்குக் கருவி உண்மையைவிட மூன்று புள்ளி கூட்டிக் காட்டியது. உண்மை எண்ணைக் காட்டிய குழந்தைகளில் 41 விழுக்காட்டினர் மருத்துவமனை வாசத்துக்கு ஆளானார்கள். கூட்டிக் காட்டியவர்களில் 25 விழுக்காட்டினரே. அந்த மூன்று புள்ளிகள்தாம் பல குழந்தைகளைப் படுக்கையில் கிடத்தியிருக்கின்றன. 2016இல் அதே நகரத்து ஆய்வொன்று, வீட்டுக்கு அனுப்பப்பட்ட 118 குழந்தைகளுக்குத் திரையை மறைத்த கருவியைக் கட்டிவிட்டது. 64 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு ஒருமுறையாவது அளவு ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் 90க்குக் கீழே போய்வந்திருந்தது. அப்படிப் போன குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாக மருத்துவரிடம் திரும்பவில்லை. எண் திரையில் தெரிந்திருந்தால் அந்த வீடுகளில் எத்தனை பேர் அன்றிரவு தூங்கியிருப்பார்கள்?

ஆக, நண்பரின் மகளை அழவைத்த 91க்குப் பின்னால் அந்த ஊரிலேயே நடந்த இவ்வளவு ஆராய்ச்சி இருந்தது. கும்பகோணத்தில் 95ஐ 99 ஆக்குவதற்கு முகமூடி வைத்து அழவைத்த மூன்று நாட்களுக்குப் பின்னால் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் பேசாமல் மார்பைப் பார்த்தாரே, அதைத்தான் நாங்கள் கவனித்தல் என்கிறோம். மூக்குத் துவாரம் விரிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறதா, விலாவிடை எவ்வளவு உள்வாங்குகிறது, இடையில் மூச்சு நின்று நின்று வருகிறதா, உதடு நீலம் பாய்கிறதா, வழக்கமாகக் குடிப்பதில் பாதியாவது குடிக்கிறதா: இவை எதையும் அந்தக் கருவி சொல்லாது. மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தை, குறைமாதத்தில் பிறந்தது, இதயக் கோளாறுள்ளது என்றால் எச்சரிக்கை இன்னும் கூடவேண்டும். பிரிட்டன் 2021இல் விதியைத் தளர்த்தியபோதும் ஆறு வாரத்துக்கு உட்பட்ட சிசுவுக்கும் பிற நோயுள்ள குழந்தைக்கும் 92ஐ விட்டு இறங்கவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால், மேலைநாட்டு மருத்துவம் உயர்ந்தது, நம்மூர் மருத்துவம் வாணிபம் என்ற பழைய பல்லவியோடு கட்டுரை முடிந்திருக்கும். அதைப் பாட எங்களுக்கு விருப்பமில்லை. கும்பகோணத்து மருத்துவர்மேல் எங்களுக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவர் நிலையில் நின்று பார்க்கவும் வேண்டும். இரவு பதினொரு மணி. கூட இருபது உறவினர்கள். வீடோ மருத்துவமனையிலிருந்து வெகுதூரம், கடைசிப் பேருந்தும் போய்விட்டது. வீட்டுக்கு அனுப்பி, நள்ளிரவில் குழந்தை மோசமானால் யார் வருவார்கள், எதில் வருவார்கள்? டொரான்டோவில் அந்தத் தாள் வெறும் தாளன்று. ஓர் எண்ணை அழுத்தினால் வாசலுக்கு வரும் வண்டியும், போய்ச் சேர்ந்தால் சுவரிலேயே காத்திருக்கும் ஆக்சிஜன் குழாயும் அந்தத் தாளுக்குப் பின்னால் நிற்கின்றன. கொடுக்காமல் இருக்கும் துணிவு, கேட்ட மாத்திரத்தில் கொடுக்க முடிகிற இடத்தில்தான் பிறக்கிறது. இன்னொன்றும் உண்டு: மருந்து கொடுத்ததற்குக் கட்டணம் வாங்கலாம், கொடுக்காமல் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததற்கு நம்மில் யார் கட்டணம் கொடுப்போம்? 'ஒண்ணுமே செய்யல' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவோம். நண்பரின் துணைவியார் சொன்னது அதைத்தானே.

உலகக் கணக்கைப் பார்த்தால் 90ஆ 94ஆ என்ற சச்சரவே கூச்சமளிக்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் ஆர்.எஸ்.வி.யால் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள் என்று 2022இல் லான்செட் மதிப்பிட்டது. அவர்களில் 97 விழுக்காட்டினர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் குழந்தைகள். அங்கே கேள்வி எந்த எண் என்பதன்று. எண்ணைக் காட்ட ஒரு கருவியும் அதன்பின் திறக்க ஒரு குழாயும் இருக்கின்றனவா என்பதே. பப்புவா நியூ கினியில் டிரெவர் டியூக் குழுவினர் ஐந்து மருத்துவமனைகளில் வேறு எதையும் பெரிதாக மாற்றவில்லை. விரல் கருவியையும், காற்றிலிருந்து நைட்ரஜனை வடித்துவிட்டுப் பிராணவாயுவைச் செறிவாக்கித் தரும் மின்கருவியையும் வைத்து, அவற்றைக் கையாளப் பயிற்சி தந்தார்கள். நிமோனியாவில் குழந்தைகள் இறக்கும் விகிதம் 4.97 விழுக்காட்டிலிருந்து 3.22ஆகக் குறைந்தது. 2008இல் வெளியான செய்தி இது. உலக சுகாதார நிறுவனமோ, பிராணவாயுக் குறைவுக்கு மருந்தாக ஆக்சிஜனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததே 2017இல்தான். அதுவரை அப்பட்டியலில் அது மயக்க மருந்தோடு கொடுக்கும் வாயு மட்டுமே!

டாக்காவின் கதையையும் சொல்லியாக வேண்டும். முகமது ஜொபாயர் சிஷ்டி என்ற மருத்துவர் 1996இல் சில்ஹெட்டில் பயிற்சி மருத்துவராகப் பணியேற்ற முதல் இரவிலேயே நிமோனியாவுக்கு மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து மெல்பர்னில், குழந்தை விடும் மூச்சை நீருக்குள் குமிழியாக வெளியேற்றி அதனால் எழும் அழுத்தத்தில் நுரையீரலை விரித்து வைத்திருக்கும் கருவியைக் கண்டார். அதை விலைக்கு வாங்க டாக்காவால் இயலாது. ஆகவே காலியான ஷாம்பூ பாட்டிலில் நீரை நிரப்பி, குழாயை அதில் அமிழ்த்தினார். அவரும் சக மருத்துவர்களும் 225 குழந்தைகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான குறை ஓட்ட ஆக்சிஜன் பெற்ற 67 பேரில் 10 பேர் இறந்தார்கள். பாட்டில் கருவி பெற்ற 79 பேரில் இறந்தவர்கள் மூவர். அடைபட்ட நுண்குழல்களைத் திறந்துவைக்க வெறும் வாயு போதாது, அழுத்தமும் வேண்டும் என்பதற்கு இதைவிட மலிவான சான்று கிடையாது.

இதைக் கேட்டவுடன் ஊருக்கு ஒரு ஷாம்பூ பாட்டில் போதுமே என்று உற்சாகம் பிறக்கும். எங்களுக்கும் பிறந்தது. ஆனால் மலாவியின் ஒரு மாவட்ட மருத்துவமனையில், ஊட்டக்குறைவும் எச்.ஐ.வி. பாதிப்பும் கொண்ட குழந்தைகளிடையே இத்தகைய அழுத்தச் சிகிச்சையைச் சோதித்தபோது, 2019இல் வெளியான முடிவின்படி, வழக்கமான ஆக்சிஜன் பெற்றவர்களைவிட அவர்களில்தான் கூடுதலானோர் இறந்தார்கள். குழந்தைகளின் நிலையும் வேறு, வார்டும் வேறு. டாக்காவில் படுக்கையருகே மருத்துவர்கள் இருந்தார்கள். மலாவியில் அன்றாட மேற்பார்வைக்கு மருத்துவர்கள் இல்லை. கருவி கடல் கடந்துவிடும். அதனருகில் உட்கார்ந்து பார்க்கிற கண்களை அப்படி ஏற்றுமதி செய்ய முடிவதில்லை.

இந்தியாவில் 2021க்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்கள் மருத்துவமனைகளில் அமைக்கப்பட்டன. நல்லது. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் வடிகட்டி மாற்றும் நாளுக்கும் வரவேண்டும் என்பதே எங்கள் கவலை. நிலையம் இருக்க, குழந்தைகள் வார்டில் சிசுவின் விரலுக்குப் பொருந்தும் உணர்கருவி இல்லையென்றால், பெரியவர்களுக்கானதை அந்தப் பாதத்தில் ஒட்டிவைத்து வரும் எண்ணை நம்பவேண்டியிருக்கும். நம் தோலின் நிறமும் இதில் ஒரு கட்சிக்காரர். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை 2020இல் அமெரிக்கப் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு வெளிச்சமிட்டது. கருவி ஆய்வாளர் சொல்லிக் கொடுத்துப் பொய் சொன்ன கதையை மேலே பார்த்தோம். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயும் அது சொல்லும். ஆகவே 90 என்ற கோட்டை எடுத்துக்கொண்டு, 91க்கு ஆக்சிஜன் கிடையாது என்று நம்மூரில் யாரேனும் கிளிப்பிள்ளைபோல் சொன்னால், அதையும் நாங்கள் எதிர்ப்போம். மார்பு குழிவிழும் குழந்தைக்கு 91 என்பது டொரான்டோவில் பால் குடித்துவிட்டுத் தூங்கிய பையனின் 91 அன்று.

அந்தத் தேவையற்ற மூன்று நாட்கள் குழந்தைக்குத் தீங்கு செய்யவில்லை, விட்டுவிடுங்களேன் என்றார் நண்பர் ஒருமுறை. கணக்குப் போட்டுக் காட்டினோம். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று குறைத்தே எடுத்துக்கொண்டாலும் மூன்று நாட்களுக்கு 8,640 லிட்டர். நம் மருத்துவமனைகளில் உருட்டிக்கொண்டு வரும் பெரிய சிலிண்டர் ஒன்றில் அடைபடுவது சுமார் 7,000 லிட்டர். ஒரு முழுச் சிலிண்டருக்கும் மேலாக, 95 காட்டிய ஒரு குழந்தையின் முகத்தில் வீசிக் கரைந்துபோயிற்று. அதே இரவில் பத்து மைல் தள்ளியுள்ள ஏதோ ஒரு சிற்றூர் மருத்துவமனையில் 84 காட்டிய குழந்தை இருந்ததா, அங்கே காட்டுவதற்குக் கருவியேனும் இருந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை. நண்பர் பதில் பேசாமல் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்டாரியோ மாகாணத்தில் 2024 முதல் ஆர்.எஸ்.வி.க்கு எதிரான நிர்செவிமாப் என்னும் தடுப்பு ஊசியை எல்லாச் சிசுக்களுக்கும் இலவசமாகப் போடுகிறார்கள். இளைய மகளுக்கு இன்னொரு குழந்தை பிறந்தால் பெரும்பாலும் இந்த இரவுகள் அவளுக்கு இராது. மூத்த மகளின் தெருவுக்கு அது எப்போது வரும் என்று சொல்ல எங்களில் யாருமில்லை.

அம்மையார் தம் கட்சியை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைக்கவேண்டாம். எங்கள் வாதம் முழுவதையும் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு உள்ளே போய், பழைய நாட்காட்டித் தாள்கள் செருகிய ஒரு நோட்டை எடுத்து வந்தார். இரண்டு பேரக்குழந்தைகளுக்கும் இருமல் தொடங்கிய நாளையும் நின்ற நாளையும் அதில் குறித்து வைத்திருந்தார். கும்பகோணத்துப் பெண்ணுக்கு இருமல் நின்றது பதினெட்டாம் நாள். டொரான்டோப் பையனுக்குப் பதினாறாம் நாள். "ரெண்டு நாள்தானே வித்தியாசம்" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார்.